அட்டையில்லாத அரைநாள்

மதியம் இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். காலை ஷிப்ட் வெளியே வரும். சாயங்கால ஷிப்ட் உள்ளே போகும். அப்பா அந்தக் கூட்டத்தோடு வெளியே வருவார். கொஞ்ச நேரத்தில் அப்பாவே மறுபடி உள்ளே போவார்.

லாண்டரியில் இருந்தவர்கள் பார்த்தது அதைத்தான். மறுபடி உள்ளே போனது சித்தப்பா.

நான் பிறப்பதற்கு முந்தைய கதை. எங்கள் வீட்டில் கதை என்றால் இது ஒன்றுதான். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள். சொல்லும்போது இருவர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வரும். அவ்வளவு கஷ்டப்பட்ட காலத்தை எதற்கு இப்படி ஆசையாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று சிறு வயதில் எனக்குப் புரியவில்லை.

அப்பா வேலை அனுமதியோடு விமானத்தில் வந்தவர். சித்தப்பா பின்னால் லாரியில் வந்தார், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. இன்றும் வெங்காயம் உரிக்க மாட்டார். அம்மா அதட்டினால், "ஒரு லாரி வெங்காயத்துக்கு அப்பவே அழுதாச்சு அண்ணி" என்பார்.

அப்போது ஊரில் ஓட்டல்கள் புதிது புதிதாக முளைத்தன. எல்லா ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் அந்த லாண்டரிக்கு வந்தன. ஆள் பற்றவில்லை. முடிந்தவர்கள் இரண்டு ஷிப்ட் பார்க்கலாம் என்றார் முதலாளி. வேலை அனுமதி அட்டை இருந்தால் போதும். கேட்டில் பலகையே இருந்தது: அட்டை இல்லாதவர்களுக்கு வேலை இல்லை.

அப்பாவிடம் ஒரு அட்டை இருந்தது. வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள்.

அட்டையில் இருந்த படத்தில் அப்பாவுக்கு அடர்ந்த மீசை. சித்தப்பாவும் மீசை வளர்த்தார். ஒரே நாளில் முடி வெட்டிக்கொள்வார்கள், ஒருவருக்கு ஒருவர், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து. முகம் அவ்வளவு ஒன்றும் பொருந்தாது. "அவங்களுக்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சிதான். அது ஒரு வசதி" என்பார் சித்தப்பா.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு கட்டணக் கழிப்பறை. அங்கேதான் மாற்றிக்கொள்வார்கள். நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் மாட்டும் அட்டை. மாற்றும்போதே காலையில் நடந்ததை அப்பா ஒப்பிப்பார்.

"மூணாம் நம்பர் டிரையர் கதவு இழுக்குது. மேஸ்திரி மகளுக்குக் குழந்தை. ஆண் குழந்தை. நான் வாழ்த்து சொல்லிட்டேன், நீ திரும்பச் சொல்லாதே."

"சரி."

"இஸ்திரியக்காகிட்ட கடவுள் இருக்காரான்னு பேசிக்கிட்டிருந்தேன்."

"இருக்காரா?"

"இருக்கார்னு சொல்லி வச்சிருக்கேன். மாத்திடாதே."

குளிர்காலத்தில் அந்தச் சட்டை அப்பாவின் உடம்புச் சூட்டோடு வரும். "எனக்கு அதுதான் சுவெட்டர்" என்பார் சித்தப்பா. இருவரும் அடிக்கடி உள்ளே போய் வருவதைக் கவனித்த கழிப்பறைக்காரர் ஒருநாள் அப்பாவின் தோளைத் தொட்டு, "கூச்சப்படாதே தம்பி, இதுக்கெல்லாம் நல்ல டாக்டர் இருக்காங்க" என்றாராம்.

இஸ்திரியக்கா பெரிய ரோலரில் விரிப்புகளை விடுபவர். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. எதிரெதிராக நின்று உதறி, நடந்து வந்து, முனையை முனையோடு சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டும். அப்பா வலது கையால் கொடுப்பார். சித்தப்பா இடது கைக்காரர். அந்தக்கா சில நாள் சாயங்காலமும் இருப்பார். முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "மத்தியானம் சாப்பிட்டதும் கை மாறிடுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா சிரித்தார். அக்கா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. சாயங்காலங்களில் தன் கையை மாற்றிக்கொண்டார்.

ஒருமுறை ரோலரில் அப்பாவின் மணிக்கட்டு சுட்டுவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கழிப்பறையில் அதே போல் சித்தப்பாவுக்கும் ஒரு கட்டு. சாயங்கால மேஸ்திரி நல்ல மனிதர். களிம்பு எடுத்துவந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் கட்டைப் பிரித்துவிட்டார். உள்ளே பளபளவென்று தோல்.

"காலையில சுட்டதுன்னு சொன்னே?"

"எங்க வீட்டு மருந்து சார். உடனே கேட்கும்."

அவர் மனைவிக்குக் காலில் ஆறாத புண். அந்த மருந்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அண்ணனும் தம்பியும் இரவெல்லாம் யோசித்து, எண்ணெயில் எதையோ குழைத்துக் கொடுத்தார்கள். புண் ஆறிவிட்டது. இந்த இடத்தில் சித்தப்பாவால் மேற்கொண்டு பேச முடியாது. கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

சித்தப்பாவின் பங்கு இப்படி லாண்டரியில். அப்பாவின் பங்கு வேறு.

அட்டை சித்தப்பாவின் கழுத்துக்குப் போனதும் அப்பாவிடம் ஒன்றும் இருக்காது. ஊரைப் பொறுத்தவரை அவர் லாண்டரியில் இருக்கிறார். ஆகவே வேறெங்கும் இருக்கக் கூடாது. சந்து வழியாக அறைக்கு வருவார். கீழே வீட்டுக்காரம்மா. "இந்தப் பையன் உழைக்கிற உழைப்பு!" என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சொல்பவர். அவர் தலைக்கு மேலே அந்தப் பையன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார். சுவரை ஒட்டி நடந்தால் பலகை முனகாது. குழாயைத் திறக்க முடியாது. விளக்குப் போட முடியாது. தும்மல் வந்தால் தலையணை. பல்வலி வந்தபோது வலது கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தாராம். சுவர் குளிர்ச்சியாக இருந்ததாம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் வெளியே நடக்கப் போனார். வெயில் நன்றாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். முனையில் ஒரு போலீஸ்காரர் போகிறவர்களை நிறுத்தி அட்டை கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அப்பா ஓடினார்.

முறைப்படி விண்ணப்பித்து, கையெழுத்து வாங்கி, மருத்துவச் சோதனை முடித்து, விமானத்தில் வந்து இறங்கியவர் ஓடினார். ஒரு செருப்பு போய்விட்டது. குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக்கூட ஓட வேண்டி வரலையே அண்ணே" என்பார் சித்தப்பா, ஒவ்வொரு முறையும்.

"நீ ஓடியிருந்தா மாட்டியிருப்பே. எனக்குக் காலு நீளம்" என்பார் அப்பா, ஒவ்வொரு முறையும்.

முதலாளி அப்பாவை எல்லோருக்கும் காட்டுவார். புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களை உள்ளே கூட்டிவந்து நிறுத்துவார். "பாருங்க. இவன் வாசல் வழியா வந்தவன். ஜன்னல் வழியா குதிச்சு வர்றவனுங்க இப்படி உழைப்பானுங்களா?" இதை அவர் அதிகமும் சாயங்காலத்தில்தான் சொல்வார். சித்தப்பா தலையைக் குனிந்து விரிப்பை மடிப்பார். பணிவு என்று அவர் நினைத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டுக்கு அந்த வார்த்தை அப்படித்தான் வந்தது. அம்மா சித்தப்பாவுக்கு வைத்த பெயர் ஜன்னல். "ஜன்னல் வந்தாச்சா? டீ போடட்டுமா?"

விளையாட்டாகத்தான் சொல்வாள். முழுவதும் விளையாட்டு இல்லை. அம்மா வரிசையில் நின்று வந்தவள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் அப்பா கிளம்பி வந்துவிட்டார். அவளை அழைக்க விண்ணப்பம் போட வேண்டும். போட்டால் வீட்டைப் பார்க்க அதிகாரி வருவார், எந்த நேரத்திலும் வருவார். சித்தப்பா அப்பாவின் அட்டையில் வேலை பார்த்த மூன்று வருடமும் அப்பா விண்ணப்பம் போடவில்லை. அம்மா அந்த மூன்று வருடமும் மாமியார் வீட்டில் காத்திருந்தாள். காரணத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. அக்கம்பக்கத்தில் என்னவெல்லாம் பேசினார்கள் என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை.

டிவியில் இந்த விவாதம் வந்தால் அம்மா கரண்டியோடு வந்து நிற்பாள்.

"காத்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் முட்டாளா? குறுக்கால வந்தவனுக்கெல்லாம் அட்டை கொடுத்தா, முறையா வர்றவனுக்கு என்ன மரியாதை?"

சொல்லிவிட்டு முதல் தோசையைச் சித்தப்பாவின் தட்டில்தான் போடுவாள்.

"சரியாச் சொன்னீங்க அண்ணி" என்று சித்தப்பா சாப்பிடுவார்.

பிறகு ஒரு பொதுமன்னிப்பு வந்தது. அட்டை இல்லாதவர்கள் நேரில் வந்து சொன்னால் அட்டை தருவோம் என்றார்கள். சித்தப்பா போனார். இன்னொருவர் பெயரில் வேலை பார்த்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை, அண்ணன் சோறு போட்டார், வீட்டிலேயே கிடந்தேன் என்றார். நீளமான அந்தக் கேள்வித்தாளில் அது ஒன்றுதான் பொய். ஆம் என்று சொல்லியிருந்தால் இருவருமே திரும்பியிருக்க வேண்டும்.

அட்டை வந்ததும் பஸ் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அட்டை வந்தப்ப முடி போயிடுச்சு" என்பார். லாண்டரிப் பக்கம் அதற்குப் பிறகு போனதே இல்லை. அங்கே அவருக்கு முகம் கிடையாது. அந்த முகத்தை அப்பா வைத்திருந்தார். அப்பா ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார், ஒரு ஷிப்ட் மட்டும்.

ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை. கடைக்குப் போனால் அப்பா முன்னால் போவார். சித்தப்பா நன்றாகப் பின்தங்கி வருவார். சேர்ந்து நடக்க மாட்டார்கள். தெருவில் எல்லோரும் அண்ணன் தம்பிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைத்தார்கள்.

சென்ற வருடம் சட்டம் மாறியது. பழைய மன்னிப்புகளைத் திரும்பத் தோண்டுகிறார்கள் என்று செய்தி. டிப்போவில் சித்தப்பாவோடு வேலை பார்த்த பெயிண்டர் ஒருவரை, எப்போதோ சொன்ன ஒரு பொய்க்காக, விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். பேரன் பேத்தி எடுத்தவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டும் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் முதலாளியின் மகள் வந்தாள்.

முதலாளி இறந்து இரண்டு வருடம். லாண்டரியை இப்போது அவள்தான் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிகிற நேரம். கையில் ஒரு கட்டு துண்டு, வெள்ளையில் நீலக் கரை போட்டது.

"நம்ம லாண்டரியிலே வெளுத்தது அத்தை. ஓட்டலுக்குப் போறது. வாசனையைப் பாருங்க."

அப்பா ஒரு துண்டை எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "சோப்பு மாத்திட்டீங்க."

"மாத்திட்டோம் மாமா. எப்படித் தெரியுது!"

ஜன்னலோரம் சித்தப்பா ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் அவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"இவங்க?"

"தம்பி."

"அச்சு அசலா அப்படியே இருக்காங்களே!"

"இவர் பிற்பாடு வந்தவர். பஸ் டிப்போவுல இருந்தார்" என்றாள் அம்மா. கேட்காத கேள்விக்கும் சேர்த்து.

அவள் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"மாமா, லாண்டரிக்கு நேரம் சரியில்ல. ஓட்டல்காரங்க கேக்குறாங்க, உங்ககிட்ட அட்டை இல்லாதவங்க வேலை பாக்குறாங்களாமேன்னு. தெருவுல கூட்டம் போட்டுப் பேசுறாங்க. கேட்ல பெயிண்ட் அடிச்சு எழுதிட்டுப் போயிட்டாங்க."

"பாக்குறாங்களா?" என்றார் அப்பா.

"டிரையர் பக்கம் சில பேர். பொய் சொல்ல மாட்டேன், நல்லா வேலை பாக்குறவங்க. எனக்கு அவங்க மேல கோவம் கிடையாது. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல மாமா? முறையா வர்றவங்களை யாரும் ஒண்ணும் சொல்லல. நானே சண்டை போடுவேன் அவங்களுக்காக. மத்தவங்களுக்காக எப்படிப் பேசுறது?"

"அப்படிச் சொல்லு" என்றாள் அம்மா.

"இந்த மாசத்தோட அவங்களை அனுப்பிடப் போறேன். கேட்ல பெருசா ஒரு படம் வைக்கணும். உங்க படம். கீழே, 'வாசல் வழியாக வந்தவர்.' அப்பா சொல்ற வார்த்தை அது. வீட்டுல சாப்பிடும்போதெல்லாம் உங்க கதைதான். மூணு வருஷம் டபுள் ஷிப்ட், ஒரு நாள் லீவு இல்லாம."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவளை மீறி மலர்ந்தது. ஊர் வாய்க்கு மூன்று வருடம் பதில் சொல்லாமல் இருந்தவள். அவள் புருஷன் படம் கேட்டில்.

"வேண்டாம்மா. வயசான மூஞ்சி" என்றார் அப்பா.

"அந்த மூஞ்சிதான் வேணும்."

"டபுள் ஷிப்ட்டெல்லாம் பெரிய விஷயமா? அது ஒருத்தன் செய்யற வேலையே இல்ல."

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். ஒருத்தரால முடியுமா?"

சித்தப்பா ஒரு திருகாணியைக் கீழே போட்டுவிட்டுத் தேடினார்.

அப்பாவுக்கு வழி தெரியவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் அவர் படம் அந்தக் கேட்டில் நிற்கும், அந்த டிரையர்காரர்கள் அதன் கீழே நடந்து வெளியே போவார்கள். அவர் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். நான்காக, கரை வெளியே தெரிய, விளிம்பு பிசகாமல்.

அவள் திடீரென்று சிரித்தாள்.

"எல்லாரும் டபுள் ஷிப்ட்னு சொல்வாங்க. எனக்கு அதெல்லாம் இல்ல மாமா. எனக்கு எலி."

"எலியா?"

"மறந்துட்டீங்களா? எங்கம்மா தவறிப்போன வருஷம். பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னை லாண்டரிக்குக் கூட்டிட்டு வந்துடுவார், வீட்டுல யாரும் இல்லன்னு. ஆபீஸ்ல உக்கார மாட்டேன். மடிக்கிற மேஜைக்கு அடியிலே வந்து உக்காந்துப்பேன். அங்க சூடா இருக்கும். நீங்க ஒரு சின்னத் துண்டை எடுத்து எலி செய்வீங்க. கையில வச்சுத் தடவித் தடவிக் கொடுப்பீங்க. ரொம்ப சமத்தா இருக்கும். திடீர்னு தாவித் தோள்ல ஏறும். நான் கத்துற கத்துல மெஷின் சத்தமே கேக்காது."

அவள் கண் ஈரமாகியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அந்த வருஷம் நான் சிரிச்சது அங்க மட்டும்தான் மாமா."

அப்பா சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா திருகாணியைத் தேடிக்கொண்டே இருந்தார். அது அவர் பாதத்தின் அருகிலேயே கிடந்தது.

நான் எத்தனை முறை அந்தக் கதையைக் கேட்டிருப்பேன். மூணாம் நம்பர் டிரையர், மேஸ்திரி மகளின் குழந்தை, கடவுள். எதையும் விட்டதில்லை என்பார்கள். எலி எதிலும் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது அவருக்கும் இது புதிது என்று தெரிந்தது. சாயங்காலத்தில் நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சித்தப்பா அண்ணனிடம் ஒப்படைக்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் ஒரு துண்டை உருவி அப்பாவிடம் நீட்டினாள். "ஒண்ணு செய்யுங்க. எலியோட போட்டோ எடுக்கலாம்."

அப்பா வாங்கிக்கொண்டார். விரித்தார். ஒரு முனையை இன்னொரு முனையோடு சேர்த்தார். கை தானாக நான்காக மடித்தது. பிரித்தார். மறுபடி மடித்தார். மறுபடியும் நான்காகத்தான் வந்தது.

"மறந்துபோச்சும்மா."

"பரவாயில்ல மாமா. எத்தனை வருஷம் ஆச்சு."

அவ்வளவுதான். அங்கே முடிந்துவிட்டது. அம்மா மூச்சை விட்டாள். நானும் விட்டேன்.

அவள் துண்டைத் திருப்பி வாங்கி மடியில் வைத்து நீவினாள். "என் பொண்ணுக்குச் செஞ்சு காட்டணும்னு எத்தனையோ தடவை பாத்தேன். சுருட்டினா துண்டு சுருட்டினது மாதிரியே இருக்கு. எலியா வர மாட்டேங்குது. இன்னிக்கு உங்ககிட்ட கேட்டுக்கலாம்னு நினைச்சேன். சரி விடுங்க."

சித்தப்பா தலையை நிமிர்த்தினார்.

"சின்னவரே" என்றாள் அம்மா. ஜன்னல் என்று சொல்லவில்லை. "அடுப்புல பால் வச்சிருக்கேன். கொஞ்சம் பாருங்க."

அடுப்பில் பால் இல்லை. அது சித்தப்பாவுக்கும் தெரியும்.

"சுருட்டறதுக்கு முன்னாடி மூலையைத் திருப்பணும்மா" என்றார் சித்தப்பா. "அதைத்தான் விட்டிருப்பே."

எழுந்து வந்தார். அவள் மடியிலிருந்து துண்டை எடுத்தார். முக்கோணமாக மடித்தார். இரு முனைகளையும் உள்ளே தள்ளினார். சுருட்டினார். உள்ளே இருந்ததை வெளியே புரட்டினார், புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டு வந்தன. ஒன்றில் முடிச்சுப் போட்டு இரண்டு காதை இழுத்துவிட்டார். இன்னொன்று வால். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அந்தக் கை நாற்பது வருடமாக அதையே செய்துகொண்டிருந்ததைப் போல இருந்தது.

இடது கையில் படுக்க வைத்து வலது கையால் தடவினார்.

"ரொம்ப சாது" என்றார். "கடிக்காது. தொட்டுப் பாரு."

அவள் விரலை நீட்டினாள். எலி அவள் தோளுக்குத் தாவியது.

அவள் கத்தினாள். ஒரு தொழிலை நடத்துகிறவளின் குரல் இல்லை அது. மேஜைக்கு அடியிலிருந்து வந்த குரல்.

சித்தப்பா சிரித்தார். அவர் மட்டும்தான் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

எலி தரையில் விழுந்து கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை. சித்தப்பாவின் கையைப் பார்த்தாள். அப்பாவின் முன்னால் மடித்து வைத்திருந்த துண்டுகளைப் பார்த்தாள்.

"நீங்க..." என்றாள்.

"சாயங்காலம் அவன்தாம்மா" என்றார் அப்பா.

"அண்ணே."

"இருடா. எத்தனை நாளைக்கு உன் சட்டையை நானே போட்டுக்கிட்டிருக்கிறது?" அவளிடம் திரும்பினார். "நான் காலையில மட்டும்தான். சாயங்காலம் வீட்டுல இருப்பேன். விளக்குப் போடாம."

"அட்டை?"

"ஒண்ணுதான். அது கழுத்துல இருக்கிறவன் வேலைக்குப் போவான். இல்லாதவன் ஒளிஞ்சுக்குவான்."

கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். சித்தப்பா நின்றபடியே இருந்தார். உட்காரலாமா என்று தெரியாதவரைப் போல. இந்த வீட்டில் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

"அவர் கேட்டதில்லம்மா" என்றார் சித்தப்பா. "நீ கத்தும்போது மட்டும் ஆபீஸ் கதவைத் திறந்து பாப்பார். பாத்துட்டு மூடிக்குவார்."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். நான் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒருவரிடம் சொன்னால் போதும். டிப்போ பெயிண்டரைக் கூட்டிப்போக வந்தவர்கள்கூட அதிகம் பேசவில்லை, பையைக் கட்டிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்று சித்தப்பா சொல்லியிருந்தார்.

அடுப்படி ஓரமாக நின்றிருந்த அம்மா முன்னால் வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முதலாளி மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முறைன்னு சொன்னேல்ல. நானும் அதையேதான் சொல்வேன். இவர்கிட்டயே சொல்வேன். இவரால மூணு வருஷம் நான் புருஷன் முகம் பாக்காம இருந்தேன். எனக்கு அந்தக் கோவம் இன்னும் போகல."

"அண்ணி" என்றார் சித்தப்பா.

"நீங்க சும்மா இருங்க. போய் அவர் பக்கத்துல நில்லுங்க."

சித்தப்பா அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு. அப்பா அவர் கையைப் பிடித்து அருகே இழுத்தார்.

அம்மா குனிந்து, அவள் மடியில் கவிழ்ந்து கிடந்த போனை எடுத்து, அவள் கையில் வைத்தாள்.

"இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து நின்னு எங்ககிட்ட ஒரு படம்கூட இல்லம்மா. எடுக்கிறியா?"